முதல் ஆழ்கடல் ஆய்வுப் பயணம், ஆக்சிஜன் அளக்கும் வேலை: என்ன எதிர்பார்க்கலாம்?

தாமிரபரணிப்பெண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கடல்சார் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு ஆய்வுத் திட்டத்தில் புராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்திருக்கிறேன். ஜூலையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஆய்வுக் கப்பலுக்கான பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. முதலில் வங்காள விரிகுடாவில் சில ஸ்டேஷன்கள் (கப்பலை நிறுத்தி மாதிரி எடுக்கும் இடங்கள்), அப்புறம் நிலநடுக்கோட்டைத் தாண்டி மத்திய இந்தியப் பெருங்கடல் படுகை வரை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். எனக்கு வந்திருக்கும் வேலை கடல்நீரில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில், அதாவது ரசாயனம் சேர்த்து, பிறகு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு (டைட்ரேஷன்) அளப்பது.

லேபில் விங்க்ளர் செய்து பழக்கம் உண்டு. கப்பலில் ஏறிய பழக்கம்தான் இல்லை. ராமேஸ்வரத்தில் படகில் போய்வந்ததற்கே ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். சீனியர்களிடம் கேட்டால் "போனால் தெரியும்" என்று சிரிக்கிறார்கள். உண்மையில் ஒரு நாள் எப்படிப் போகும்? தூக்கம் கிடைக்குமா? தரையில் இல்லாத சிக்கல் என்னென்ன வரும்? அம்மாவுக்கு இரண்டே கேள்விதான்: பாத்ரூம் எப்படி, ராத்திரி வேலை என்றால் கூட யார் இருப்பார்கள்.

உப்புமானி எழுதியது:

தங்கச்சி, அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கேபின் பெரும்பாலும் இரண்டு பேருக்கு ஒன்று. பெண்ணுக்குப் பெண்தான் துணை. புதிய கப்பல் என்றால் கேபினுக்குள்ளேயே குளியலறை இருக்கும். பழையது என்றால் வராந்தாவில் பொதுவாக இருக்கும், அதில் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள். கழிப்பறை காற்றால் உறிஞ்சி இழுக்கும் வகை. அதற்குள் நாப்கின், ஈர டிஷ்யூ, முடிக்கற்றை எதையும் போட்டுவிடாதீர்கள். அடைத்துக்கொண்டால் உங்கள் கேபினோடு போகாது, அந்தத் தளம் முழுக்க வேலை செய்யாது. என்ஜினியர் குழாயைக் கழற்றி உள்ளிருந்து எதை எடுத்தார் என்பது மதியச் சாப்பாட்டுக்குள் கப்பல் முழுக்கத் தெரிந்துவிடும். நாப்கின், மாத்திரை, கண்ணாடி அணிபவர் என்றால் இன்னொரு கண்ணாடி, எல்லாம் தேவைக்கு மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கைக் கடலில் போட எந்தக் கப்பலுக்கும் அனுமதி இல்லை. குப்பையெல்லாம் பிரித்துக் கட்டிக் கரைக்குத் திரும்பி வரும், அதனால் வீண் பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

இருட்டிய பிறகு திறந்த டெக்குக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது ஆண் பெண் எல்லாருக்கும் பொது விதி. போவதற்கு முன் பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டும் அறைக்கு, சொல்ல வேண்டும். ராத்திரி வேலையில் கருவியை இறக்கி ஏற்றும் வின்ச்சில் ஒருவர், டெக்கில் இரண்டு மூன்று பேர், கம்ப்யூட்டர் முன் ஒருவர், மாதிரி எடுக்க நீங்கள் நாலைந்து பேர். திருநெல்வேலி ஜங்ஷனில் ராத்திரி பஸ்ஸுக்கு நிற்பதைவிட நிம்மதியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி.

வாட்ச் (வேலை முறை) அட்டவணை ஒன்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். சென்சார் பார்ப்பவர்களுக்கும் மாலுமிகளுக்கும் அது பொருந்தும். ஆக்சிஜன் ஆளுக்குப் பொருந்தாது. வெவ்வேறு ஆழத்தில் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை வட்டமாக அடுக்கி, வயரில் கட்டி இறக்கும் சட்டம்தான் ரோசெட். அது எப்போது டெக்குக்கு வருகிறதோ அதுதான் உங்கள் மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆழம் 5000 மீட்டர். வயர் விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்கினால் இறங்கவே கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். ஏறும்போது ஒவ்வொரு ஆழத்திலும் நிறுத்தி பாட்டிலை மூட வேண்டும், அதனால் இன்னும் அதிகம். மொத்தம் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு மணி நேரத்தில்தான் நீங்கள் தூங்க வேண்டும், முந்தைய ஸ்டேஷனின் குடுவைகளை டைட்ரேட் செய்ய வேண்டும், சாப்பிடவும் வேண்டும். இரண்டு ஸ்டேஷன் நெருக்கமாக வந்துவிட்டால் தூக்கத்தைத்தான் வெட்டுவீர்கள். நான் லேப் மேஜைக்கடியில் ரப்பர் விரிப்பைப் போட்டே தூங்கியிருக்கிறேன், கேபின் வரை நடக்கும் நேரத்தை மிச்சப்படுத்தலாமே என்று.

வங்காள விரிகுடா வேலை முடிந்ததும் படுகைக்குப் போகும் ஓட்டம் உண்டு இல்லையா, அந்த நாட்களைச் சும்மா விடாதீர்கள். சென்னையிலிருந்து நேராகப் போனாலே சுமார் 1500 கடல் மைல், பத்து நாட் வேகத்தில் (மணிக்குப் பத்து கடல் மைல்) ஆறு நாளுக்கு மேல். டைட்ரேஷனுக்கான தயோசல்பேட் கரைசலின் செறிவைச் சரிபார்க்கவும் (ஸ்டாண்டர்டைஸ்), ரசாயனத்தின் பங்கைக் கழிக்க பிளாங்க் பார்க்கவும், குடுவை எண்ணையும் மூடி எண்ணையும் சரிபார்க்கவும் அதுதான் நேரம். குடுவைக்கும் மூடிக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். கொள்ளளவு அந்த ஜோடிக்குத்தான் அளந்திருப்பார்கள், மாற்றி மூடினால் கணக்கே போச்சு.

இப்போது ரோசெட் வந்து நிற்கிறது என்று வையுங்கள். கட்டி முடித்து டெக் ஆள் கை காட்டும் வரை கிட்டே போகாதீர்கள். ஆழத்தில் மூடிய பாட்டில்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம், வெளியே வியர்த்திருக்கும். மேலே தண்ணீர் 28, 29 டிகிரி, அடியில் ஒன்று, இரண்டு டிகிரி. நிஸ்கின் பாட்டிலின் (ரோசெட்டில் இருக்கும் பாட்டிலுக்கு அதுதான் பெயர்) மேல் திருகைத் திறக்காமலேயே கீழ்க் குழாயை முதலில் இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் அந்த பாட்டில் சரியாக மூடவில்லை, மேலே வரும் வழியில் வேறு ஆழத்துத் தண்ணீர் கலந்திருக்கலாம். உடனே உரக்கச் சொல்லிவிடுங்கள், தாளில் எழுதுபவர் குறித்துக்கொள்ளட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு அப்புறம் சொல்லலாம் என்று நின்றால் உங்களுக்குப் பின்னால் பி.எச். எடுப்பவர், சத்துப்பொருள் எடுப்பவர், கடைசியில் உப்புத்தன்மை எடுப்பவர் எல்லாரும் அதே தண்ணீரைப் பிடித்திருப்பார்கள்.

வரிசையில் நீங்கள்தான் முதல். திறந்த கணத்திலிருந்து பாட்டிலுக்குள் காற்று ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் வாயு அளப்பவருக்குத்தான் முதல் மரியாதை. சிலிக்கோன் டியூபை மாட்டி, அதில் ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் நசுக்கி ஓட்டிவிட்டு, டியூபின் நுனியைக் குடுவையின் அடியில் வைத்து நிரப்புங்கள். குடுவை நிறைந்த பிறகும் இரண்டு மூன்று மடங்கு வழிய விட வேண்டும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் மணிக்கட்டு வழியாக பாய்லர் சூட் என்ற வேலை உடுப்பின் கைக்குள் இறங்கி முழங்கை வரை போகும். சொரணை போகும் வரை கை விறைக்கும், பழகிவிடும். டியூபை மெல்ல வெளியே எடுத்து, மாங்கனீஸ் குளோரைடு, கார அயோடைடு இரண்டையும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே விட்டு, குமிழி இல்லாமல் மூடி, குலுக்குங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கரையில் லேபில் நீங்கள் பார்த்த வீழ்படிவு எப்போதும் பழுப்பாகத்தான் இருந்திருக்கும். வங்காள விரிகுடாவில் 100, 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு இருக்கிறது. அந்த பாட்டிலில் எடுத்தால் மூடியைத் திருப்பிக் குலுக்கும்போது பால் போல வெள்ளையாக விழும், பழுப்பு ஏறவே ஏறாது. ரீஏஜென்ட் போட மறந்துவிட்டோமா என்று தோன்றும். மறக்கவில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, அவ்வளவுதான். குடுவைப் பெட்டியில் வரிசையாக அடுக்கினால் மேற்பரப்புக் குடுவை அடர் பழுப்பு, நடுவில் வெள்ளை, அடியாழத்துக்குப் போகப் போக மறுபடி பழுப்பு. டைட்ரேட் செய்வதற்கு முன்பே அந்த இடத்துக் கடலின் குறுக்குவெட்டு உங்கள் மேஜையில் இருக்கும். லாயோஷ் விங்க்ளர் இந்த முறையை வெளியிட்டது 1888இல். அதற்குப் பிறகு எத்தனையோ சென்சார் வந்தும், அந்தச் சென்சார் சொல்வது சரியா என்று பார்க்க இன்றைக்கும் இந்தக் குடுவையிடம்தான் வருகிறார்கள்.

தரையில் இல்லாத சிக்கல் கேட்டீர்களே. பியூரெட்டின் அளவை ஆடும் மேஜையில் கண்ணால் படிக்க முடியாது, கப்பலில் மோட்டார் பியூரெட்தான். எதையும் கட்டாமல் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வருகிறேன் என்று வைத்த அமில பாட்டில்தான் உருளும். இன்னொன்று நேரக் கணக்கு. பதிவெல்லாம் கிரீன்விச் நேரத்தில் எழுத வேண்டும். நம் நேரப்படி ராத்திரி 2 மணிக்கு எடுத்த மாதிரி அங்கே முந்தைய நாள் 20:30. தேதியும் சேர்ந்து மாறும் என்பதைத் தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் கோட்டைவிடுவார்கள். லேபில் கிரீன்விச் நேரம் காட்டும் கடிகாரம் இருக்கும், கைக்கடிகாரத்தையும் அதற்கே மாற்றிவிடுங்கள்.

வாந்தி வரும். ஜூலை என்றால் விரிகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்று, நிலநடுக்கோட்டுக்குக் கீழே போனால் தென்கிழக்குக் காற்று, இரண்டுமே சும்மா விடாது. டாக்டரிடம் கேட்டு மாத்திரையைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே போடுங்கள், வாந்தி தொடங்கிய பின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வெறும் வயிற்றோடு மட்டும் இருக்காதீர்கள். நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு, இட்லிப்பொடி மூன்றும் என் பெட்டியில் எப்போதும் உண்டு. மெஸ்ஸில் சாப்பாடு நன்றாகவே இருக்கும், ஆனால் இரவுச் சாப்பாட்டைச் சாயங்காலமே முடித்துவிடுவார்கள். ராத்திரி ரோசெட்டுக்கு எழுந்தால் ரொட்டியும் முட்டையும்தான்.

வின்ச்_தாத்தா எழுதியது:

மக்ளே, அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் டெக் பக்கத்து ஆள், வின்ச் ஓட்டி ரிட்டையர் ஆனவன், ஊர் கன்னியாகுமரிப் பக்கம்.

வயர் தண்ணீருக்குள் இருக்கும்போது அது போகும் வழிக்குள் நிற்காதே. தளர்ந்து கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதே. 5000, 6000 மீட்டர் வயரை இறக்கினால் வயர் எடையே ஒரு டன்னுக்கு மேல், கீழே தொங்கும் ரோசெட் தனி. கப்பல் உருளும்போதெல்லாம் மீட்டரில் இழுவிசை ஏறி இறங்கும், எங்கள் கண் அதில்தான் இருக்கும். அந்த நேரத்தில் வந்து "அண்ணா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் பதில் வராது, கோபித்துக்கொள்ளாதே. கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் வேலையைத் திரஸ்டர்கள் (பக்கவாட்டு உந்திகள்) செய்யும், ஆனாலும் நீரோட்டம் ரோசெட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வயர் சாய்ந்தால் நிறுத்தத்தான் வேண்டும். விஞ்ஞானிகளுக்கு அவசரம் இருக்கும். வயருக்கு அவசரம் கிடையாது.

அடி நெருங்கும்போது ஆல்டிமீட்டர் (அடித்தரைக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கும் கருவி) தரையைக் கண்டுபிடிக்கும் வரை எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். கம்ப்யூட்டர் முன் இருப்பவர் இன்டர்காமில் மீட்டர் சொல்லுவார், நாங்கள் வேகத்தைக் குறைப்போம். தரைக்கு மேலே பத்து மீட்டர் விட்டு நிறுத்துவது வழக்கம். அதற்குக் கீழே போனால் சேற்றில் இடித்துக் கருவி போய்விடும்.

முதல் நாளே லைஃப் ஜாக்கெட் டிரில் வைப்பார்கள். தண்ணீரில் விழுந்தால் உடம்பைக் காக்கும் அந்த ஆரஞ்சு நிற இம்மர்ஷன் சூட் உடுப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எல்லாரும் போட்டோ எடுப்பதில் இருப்பார்கள், நீ ஜிப்பைக் கழுத்து வரை இழுக்கப் பழகு. உன் மஸ்டர் ஸ்டேஷனுக்கு (ஆபத்து நேரத்தில் கூடும் இடம்) கேபினிலிருந்து இருட்டில் போகும் வழியை ஒரு தடவை நடந்து பார்.

கரைவாசி எழுதியது:

தப்பாக நினைக்க வேண்டாம். சாட்டிலைட் இருக்கிறது, தானியங்கி மிதவைகள் இருக்கின்றன. ஒரு கப்பல் நிறைய ஆட்களை ஏற்றி டீசலை எரித்துக்கொண்டு போய் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது இந்தக் காலத்திலும் தேவையா? கடைசியில் இதெல்லாம் அடிக்கடலில் சுரங்கம் தோண்டத்தானே?

உப்புமானி எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். சாட்டிலைட் பார்ப்பது மேற்பரப்பை. கடலின் சராசரி ஆழம் 3700 மீட்டர் அளவில். ஆர்கோ என்ற அந்தத் தானியங்கி மிதவைகள் பிரமாதமானவை, 1000 மீட்டரில் மிதந்துவிட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி மேலே ஏறி வந்து தரவு அனுப்பும். ஆனால் பெரும்பாலானவை 2000த்தோடு நின்றுவிடுகின்றன, அவற்றின் ஆக்சிஜன் சென்சாரும் காலப்போக்கில் விலகும். விலகியதைத் திருத்த யாராவது ஒருவர் கப்பலில் போய்க் குடுவை பிடித்தாக வேண்டும். 1960களின் முதல் பாதியில் நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் அப்படிப் பிடித்த எண்கள் இருப்பதால்தான் இன்றைக்கு ஒப்பிட ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. அதன் இரண்டாம் சுற்றுக்கு 2015 டிசம்பரில் கோவாவிலிருந்து மொரிஷியஸுக்கு முதலில் போனது நம் சாகர் நிதி கப்பல்தான்.

சுரங்க விஷயம் தனி. தங்கச்சி போகும் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டரில் பல உலோக முடிச்சுகளை (அடித்தரையில் கிடக்கும் உலோகக் கட்டிகள்) ஆராயும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. மாங்கனீஸ், நிக்கல், தாமிரம், கோபால்ட். சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் வராஹா என்ற ஊர்தியை 5270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. பொறியியலாகப் பார்த்தால் பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிச்சைக் கையில் வைத்துப் பார்த்தவள் நான். பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் ஜெர்மானியர்கள் சோதனைக்காக அடிக்கடலை உழுத தடம், 2015இல் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. அதனால் தோண்டலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நிறையப் பேர் வேண்டும் என்பது என் கட்சி. அதற்கும் கப்பல்தான் போக வேண்டும்.

தாமிரபரணிப்பெண் எழுதியது:

அக்கா, ஐயா, இருவருக்கும் ரொம்ப நன்றி. அம்மா முழுவதையும் படித்துவிட்டு முறுக்கு மாவு அரைக்கக் கிளம்பிவிட்டார். இன்னும் இரண்டு கேள்வி. அடியாழத்தில் மறுபடி ஏன் பழுப்பு? மேலிருந்து காற்று அங்கே போக முடியாதே? இரண்டாவது, தெர்மோகோல் கப்பை ரோசெட்டில் கட்டி அனுப்பினால் சின்னதாகி வருமாமே, எல்லாக் கப்பலிலும் விடுவார்களா?

உப்புமானி எழுதியது:

மேலிருந்துதான் போயிருக்கிறது, நம் கடலின் மேலிருந்து இல்லை. அண்டார்டிகா ஓரத்தில் குளிர்ந்து கனத்து மூழ்கிய தண்ணீர், அடித்தரையை ஒட்டி மெல்ல வடக்கே ஊர்ந்து இந்தப் படுகை வரைக்கும் வருகிறது. மூழ்கும்போது காற்றிலிருந்து வாங்கிய ஆக்சிஜன் இன்னும் அதில் மிச்சமிருக்கிறது. நடு அடுக்கின் கதை வேறு. மேலே செத்து விழும் பாசியையும் கழிவையும் பாக்டீரியா தின்று தீர்ப்பது பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான். ஆக்சிஜன் செலவாகும் வேகத்துக்குப் புதுத் தண்ணீர் அங்கே வருவதில்லை. விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய அடுக்காகப் படர்ந்து நிற்பதால் மேல்நீரும் கீழ்நீரும் எளிதில் கலப்பதும் இல்லை. 5000 மீட்டர் ஸ்டேஷனில் குடுவைகளை ஆழ வரிசையில் அடுக்கி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வேட்டில் பயன்படும்.

கப் விஷயம். சீஃப் சயின்டிஸ்டிடம் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் ஒரு ஆழமான ஸ்டேஷனில் விடுவார்கள். 5000 மீட்டரில் சுமார் 500 வளிமண்டல அழுத்தம், காபி கப் விரல் நுனித் தொப்பி அளவுக்கு வந்துவிடும். அழியாத மார்க்கரில் வரையுங்கள், எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள், சுருங்கினால் படிக்க முடியாது. உள்ளே டிஷ்யூ திணியுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரு வலைப்பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி ரோசெட் சட்டத்தின் மேல் பக்கம் மாட்டச் சொல்லுங்கள். சென்சாருக்குத் தண்ணீர் இழுக்கும் குழாய் பக்கமோ பாட்டில் மூடிகள் பக்கமோ வேண்டாம், பை உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த பாட்டில் மூடாது.

வின்ச்_தாத்தா எழுதியது:

பையை நீயே கட்டாதே மக்ளே. போசனிடம் (டெக் மாலுமிகளின் தலைவர்) கொடு, அவர் கட்டுவார்.